பிரச்னை உங்களிடமா, ஆபீஸிலா? ஊழியர்களின் மனநலத்தைத் தீர்மானிப்பது எது? பிரான்ஸ் டெலிகாம் வழக்கு சொல்வது என்ன?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே சிலருக்கு மனசு கனத்துவிடும். 'நாளைக்கு ஆபீஸ் போகணுமே' என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுக்கும். வீட்டில் சொன்னால், 'எல்லாரும்தான் வேலைக்குப் போறாங்க, உனக்கு மட்டும் என்ன?' என்பார்கள். ஆபீஸில் சொன்னால், 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் கிளாஸ் நடக்குது, போய் உட்காருங்க' என்பார்கள். இரண்டு பதிலுக்கும் அர்த்தம் ஒன்றுதான். கோளாறு உங்களிடம் இருக்கிறது, நீங்கள்தான் சரியாக வேண்டும்.

உண்மையிலேயே அப்படித்தானா? ஓர் ஊழியரின் மனம் உடைந்துபோனால் அதற்கு அவருடைய பலவீனம் மட்டும்தான் காரணமா, அல்லது அவர் வேலை பார்க்கும் இடத்துக்கும் அதில் பங்கு உண்டா? இந்தக் கேள்வி பிரான்ஸ் நாட்டில் கிரிமினல் கோர்ட் வரைக்கும் போனது. பல ஆண்டுகள் நடந்த அந்த வழக்கில், நாட்டின் மிகப்பெரிய நிறுவனம் ஒன்றும் அதன் முன்னாள் தலைவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கு என்ன, அதற்கும் நம்முடைய அன்றாட வேலைக்கும் என்ன தொடர்பு என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

பிரான்ஸ் டெலிகாமில் நடந்தது என்ன?

நம்ம ஊர் பி.எஸ்.என்.எல். மாதிரி, பிரான்ஸில் தொலைபேசி சேவையை நடத்தி வந்தது அரசின் தொலைத்தொடர்புத் துறை. அதுதான் பின்னர் 'பிரான்ஸ் டெலிகாம்' ஆனது. 1997-ல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. 1998-ல் தொலைபேசிச் சந்தை போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. 2004-ல் அரசின் பங்கு பாதிக்கும் கீழே போனது. அதாவது, அரசு நிறுவனமாக இருந்தது தனியார் நிறுவனமாக மாறிவிட்டது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பான்மையினர் அரசு ஊழியர் என்ற அந்தஸ்துடன் சேர்ந்தவர்கள். அவர்களை வேலையை விட்டு நீக்க முடியாது.

நிறுவனத்துக்கோ பெரிய கடன் இருந்தது. லேண்ட்லைன் காலம் முடிந்து செல்போன், இன்டர்நெட் காலம் தொடங்கியிருந்தது. 2005-ல் டிடியே லொம்பார் நிறுவனத்தின் தலைவரானார். 2006-ல் தொடங்கி 3 ஆண்டுகளில் 22 ஆயிரம் பேரைக் குறைப்பது, 10 ஆயிரம் பேரை வேறு வேலைகளுக்கு மாற்றுவது என்று திட்டம் போடப்பட்டது. மொத்த ஊழியர்கள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். நீக்க முடியாதவர்களை எப்படிக் குறைப்பது? அவர்களே ராஜினாமா செய்துவிட்டுப் போக வேண்டும். 2006 அக்டோபரில் மேலாளர்கள் கூட்டத்தில் பேசிய லொம்பார், ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ எப்படியாவது ஆட்களை வெளியே அனுப்பியே தீருவேன் என்ற பொருள்படப் பேசியது பின்னாளில் வழக்கின் முக்கிய ஆதாரங்களில் ஒன்றானது.

அதன் பிறகு நடந்தவை தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயங்களாகத்தான் தெரியும். திடீர் இடமாற்றங்கள். 20, 25 ஆண்டுகள் கம்பத்தில் ஏறி லைன் சரிசெய்தவரைக் கால் சென்டரில் உட்காரவைத்து விற்பனை செய்யச் சொன்னது. சிலருக்கு வேலையே கொடுக்காமல் ஓர் ஓரத்தில் உட்காரவைத்தது. 'வெளியே வேற வேலை தேடிக்கலாமே' என்று திரும்பத் திரும்ப வந்த மெயில்கள். எத்தனை பேர் வெளியேறினார்கள் என்ற எண்ணிக்கைக்கு ஏற்ப மேலாளர்களின் ஊக்கத்தொகையும் கணக்கிடப்பட்டது. ஆட்களை எப்படி வெளியேறத் தூண்டுவது என்பதற்கு மேலாளர்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டது.

2008, 2009 ஆகிய 2 ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் 35 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அப்போது கணக்கு வெளியானது. வேலைதான் காரணம் என்று சிலர் எழுதி வைத்திருந்தார்கள். நாடே அதிர்ந்தது.

கோர்ட் என்ன சொன்னது?

பிரான்ஸில் பணியிடத்தில் ஒருவரைத் தொடர்ந்து மனரீதியாகத் துன்புறுத்துவது 2002 முதல் கிரிமினல் குற்றம். ஆனால் அதுவரை வந்த வழக்குகளில் பொதுவாக ஒரு மேலாளர், அவருக்குக் கீழே பாதிக்கப்பட்ட ஓர் ஊழியர் என்றுதான் இருக்கும். பிரான்ஸ் டெலிகாம் வழக்கில் லொம்பார், தன்னால் உயிரிழந்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோரை நேரில் சந்தித்ததே கிடையாது. அப்படி இருக்கும்போது அவர் எப்படிக் குற்றவாளி ஆவார் என்பதுதான் வழக்கின் மையக் கேள்வி.

2019 மே முதல் ஜூலை வரை விசாரணை நடந்தது. 39 ஊழியர்களின் நிலை தனித்தனியாக ஆராயப்பட்டது. அவர்களில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 12 பேர் தற்கொலைக்கு முயன்றவர்கள். 8 பேர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள். 2019 டிசம்பர் 20-ம் தேதி தீர்ப்பு வந்தது. ஒரு தனிநபர் இன்னொருவரைத் துன்புறுத்துவது மட்டுமல்ல, ஒரு நிறுவனத்தின் கொள்கையே ஊழியர்களைத் துன்புறுத்தும் கருவியாக முடியும் என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. நிறுவனத்துக்கு 75 ஆயிரம் யூரோ அபராதம். லொம்பாருக்கு ஓராண்டு சிறை, அதில் 8 மாதம் நிறுத்திவைப்பு, கூடவே 15 ஆயிரம் யூரோ அபராதம். மேல்முறையீட்டில் 2022-ல் சிறைத் தண்டனை முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டாலும், குற்றம் செய்தார் என்பது உறுதியானது. 2025 ஜனவரியில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஆட்களைக் குறைக்க முடிவெடுத்ததற்காகக் கோர்ட் தண்டிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த முடிவை எடுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அதை நிறைவேற்ற ஊழியர்கள் மனதில் வேண்டுமென்றே பயத்தையும் பதற்றத்தையும் உருவாக்கியதுதான் குற்றம்.

வேலைப்பளு மட்டும்தான் காரணமா?

இந்த விவகாரத்தில் பலருக்கும் புரியாத ஒரு விஷயம் இருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குச் சம்பளம் நிற்கவில்லை. வேலையும் போகவில்லை. சிலருக்கு வேலையே குறைவாகத்தான் இருந்தது. பிறகு ஏன் மனம் உடைந்தது?

2009-ல் ஊழியர்களிடம் ஒரு பெரிய கருத்துக்கணிப்பு நடத்தப்பட்டது. சுமார் 80 ஆயிரம் பேர் பதில் சொன்னார்கள். 'முன்னாடி இந்த கம்பெனியில வேலை பார்க்கிறது பெருமையா இருந்துச்சு' என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னார்கள். 'இப்பவும் பெருமையா இருக்கா?' என்ற கேள்விக்கு ஆமாம் என்றவர்கள் 10-ல் 4 பேர் அளவுக்குத்தான். அந்தப் பெருமைதான் பறிபோயிருந்தது. மலைக் கிராமமோ நகரமோ, எல்லா வீட்டுக்கும் போன் கிடைக்கச் செய்வது தங்கள் கடமை என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். கோளாறு என்று போன் செய்பவருக்குக் கோளாறைச் சரிசெய்வதைவிட, புதிய திட்டம் ஒன்றை விற்பதுதான் முக்கியம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. தங்கள் கண்ணில் நல்ல வேலை எதுவோ, அதைச் செய்ய முடியாமல் போனதுதான் அவர்களை அரித்தது.

பிரான்ஸ் தொழிலாளர் துறைக்காக மிஷேல் கோலாக் தலைமையிலான நிபுணர் குழு 2011-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. வேலை ஒருவரின் மனநலத்தைக் கெடுக்கக்கூடிய காரணங்களை அது 6 வகைகளாகப் பிரித்தது.

1. வேலையின் வேகமும் நேரமும்: டெட்லைன், ஷிப்ட், ஓவர்டைம், லீவ் நாளிலும் வரும் போன்.

2. உணர்வுகளை அடக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம்: திட்டுகிற வாடிக்கையாளரிடமும் சிரித்த முகத்துடன் பேசுவது.

3. சுதந்திரமின்மை: எதை, எப்போது, எப்படிச் செய்வது என்று எதையுமே தானாக முடிவு செய்ய முடியாத நிலை.

4. மோசமான உறவுகள்: அவமானப்படுத்தும் மேலதிகாரி, பாரபட்சம், உதவாத சக ஊழியர்கள், உழைப்புக்கு மரியாதை கிடைக்காதது.

5. மனசாட்சியோடு மோதல்: தவறு என்று தான் நம்புவதையே செய்ய வேண்டிய நிலை, அல்லது நல்லபடியாகச் செய்ய நேரமும் வசதியும் தராதது.

6. நிச்சயமின்மை: வேலை இருக்குமா, சம்பளம் வருமா, எங்கே மாற்றுவார்கள் என்ற பயம்.

'ஸ்ட்ரெஸ்' என்றதும் நாம் பெரும்பாலும் முதல் வகையை மட்டும்தான் யோசிக்கிறோம். மற்ற ஐந்தும் வேலை நேரம் குறைவாக இருந்தாலும் ஆளைச் சாய்க்கக்கூடியவை. 5-வது வகையை 'விழுமிய மோதல்' என்று அறிக்கை குறிப்பிடுகிறது. விழுமியம் என்பது பெரிய வார்த்தையாகத் தெரியலாம். 'எனக்கு எது முக்கியம், எதை நான் செய்யவே மாட்டேன்' என்று ஒருவர் மனசுக்குள் வைத்திருக்கும் கணக்குதான் அது.

விழுமிய மோதல் நம்ம ஊரில் எப்படி இருக்கும்?

ஒரு வங்கி ஊழியரை எடுத்துக்கொள்வோம். ஓய்வூதியப் பணத்தை ஃபிக்சட் டெபாசிட்டில் போட வந்த 70 வயதுப் பெரியவரிடம், அவருக்குத் தேவையே இல்லாத காப்பீட்டுத் திட்டத்தை விற்கச் சொல்கிறார் மேலாளர். விற்றால் டார்கெட் முடியும். விற்காவிட்டால் மறுநாள் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பெயர் வாசிக்கப்படும். அந்த ஊழியருக்கு ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் வேலைப்பளு கிடையாது.

தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் மே மாத வெயிலில் வீடுவீடாகப் போய் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. பாடம் நடத்துவதுதான் தன் தொழில் என்று நம்பி வந்தவர் அவர். நோயாளியிடம் 2 நிமிடம் ஆறுதலாகப் பேச வேண்டும் என்று நினைக்கும் நர்ஸுக்கு, அந்த ஷிப்டில் 30 பேரைப் பார்க்க வேண்டிய நிலை. சோதிக்காத மென்பொருளை 'சோதித்தாச்சு' என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் ஐடி ஊழியரிடம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. வேலையை நல்லபடியாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கிறது. அந்த எண்ணம் இருப்பதால்தான் வலிக்கிறது. அது இல்லாதவருக்கு இதே வேலை சாதாரணமாகப் போய்விடலாம்.

'அதே ஆபீஸ்ல அவன் ஜாலியா இருக்கானே, உனக்கு என்ன வந்துச்சு?' என்ற கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது. ஒரே பணியிடம் ஒருவருக்குப் பொருந்தும், இன்னொருவருக்குப் பொருந்தாது. போட்டியில் ஜெயிப்பதுதான் உற்சாகம் என்பவருக்கு மாதாமாதம் டார்கெட் பட்டியல் ஒட்டும் கம்பெனி பிடிக்கலாம். நிம்மதி, குடும்பத்துக்கான நேரம் முக்கியம் என்பவருக்கு அதே பட்டியல் தினசரி தண்டனை. இதில் இருவருமே தப்பானவர்கள் கிடையாது. ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. ஏமாற்று விற்பனை, அவமானம், பாகுபாடு போன்றவற்றை 'உங்களுக்கும் கம்பெனிக்கும் செட் ஆகல' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது பொருத்தம் சம்பந்தப்பட்ட பிரச்னை கிடையாது, தவறு.

கலாசாரம் என்பது சுவரில் ஒட்டிய போஸ்டரா?

பல அலுவலகங்களின் வரவேற்பறையில் 'நேர்மை, மரியாதை, குழு உணர்வு' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருப்பார்கள். நிறுவனக் கலாசாரம் பற்றிய ஆய்வுகளில் முன்னோடியான அமெரிக்கப் பேராசிரியர் எட்கர் ஷைன், கலாசாரத்தை 3 அடுக்குகளாகப் பார்க்கச் சொன்னார். முதல் அடுக்கு, கண்ணுக்குத் தெரிவது: கட்டடம், உடை, இருக்கை அமைப்பு. இரண்டாவது, நிறுவனம் வாயால் சொல்வது: கொள்கை, முழக்கம். மூன்றாவது, யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருப்பது. ஊழியரின் மனநிலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது அடுக்குதான்.

6 மணிக்கு வேலை நேரம் முடிகிறது என்று கம்பெனி விதி சொல்லும். ஆனால் 6 மணிக்குப் பையைத் தூக்கினால் 'என்ன, ஹாஃப் டே லீவா?' என்று கிண்டல் வரும். லீவ் எடுக்க உரிமை உண்டு என்று ஹெச்.ஆர். சொல்வார். ஆனால் லீவ் எடுக்காதவருக்குத்தான் புரமோஷன் கிடைக்கும். யாரும் சர்க்குலர் போடாமலே எல்லோரும் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். யாருக்குப் பாராட்டு, யாருக்குத் திட்டு, யார் என்ன செய்தாலும் கண்டுகொள்ளப்படுவதில்லை என்பதைப் பார்த்தாலே ஒரு அலுவலகத்தின் உண்மையான கலாசாரம் தெரிந்துவிடும்.

தவறை ஒப்புக்கொள்ள முடிகிறதா?

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நடக்கும் தவறுகளைப் பற்றி 1990-களில் ஆய்வு செய்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு எடுத்தால், அந்தக் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணம் என்னவென்றால், அங்கே தவறு நடந்தால் வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். பயமில்லாமல் பேசக்கூடிய இந்தச் சூழலை 'உளவியல் பாதுகாப்பு' என்று அவர் 1999-ல் வெளியான ஆய்வில் விளக்கினார். சிறப்பாக இயங்கும் குழுக்களின் ரகசியம் என்ன என்று கூகுள் நிறுவனம் பின்னாளில் நடத்திய ஆய்விலும் முதலிடத்தில் வந்தது இதுதான்.

உளவியல் பாதுகாப்பு என்றால் எல்லோரும் எப்போதும் இனிமையாகப் பேசிக்கொள்வது என்று அர்த்தம் கிடையாது. 'சார், இந்தத் தேதிக்குள்ள முடியாது' என்று சொன்னால் தலை போகாது என்ற நம்பிக்கைதான் அது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் ஊழியர் வேலை செய்வதைவிட, தன்னைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே பாதிச் சக்தியைச் செலவழிக்கிறார்.

'பர்ன்அவுட்' ஒரு நோயா?

அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-ல் இந்தச் சொல்லை ஆய்வுலகுக்குக் கொண்டு வந்தார். உலக சுகாதார அமைப்பு தன்னுடைய 11-வது நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டைச் சேர்த்தபோது, 'இது நோய் கிடையாது, வேலை தொடர்பான ஒரு நிலை' என்று 2019-ல் தெளிவுபடுத்தியது. பணியிட அழுத்தம் நீண்ட நாள் சரிவரக் கையாளப்படாமல் போவதால் வருவது என்பது அதன் விளக்கம். 3 அடையாளங்களையும் சொன்னது. ஒன்று, உடம்பிலும் மனசிலும் சக்தியே இல்லாத சோர்வு. இரண்டு, வேலையிலிருந்து மனம் விலகிப் போவது, எதிலும் வெறுப்பு, நக்கல். மூன்று, 'நாம எதுக்கும் லாயக்கில்ல' என்ற எண்ணம், வேலைத்திறன் குறைவது.

கவனிக்க வேண்டியது இரண்டாவது அடையாளம். 'எது நடந்தா நமக்கென்ன' என்று ஒருவர் பேச ஆரம்பித்தால், அவருக்கு அக்கறை இல்லை என்று சுற்றி இருப்பவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரங்களில் அதிக அக்கறையோடு இருந்து அடிபட்டவர்கள்தான் அப்படி மாறுகிறார்கள்.

பர்ன்அவுட்டை அளவிடும் முறையை உருவாக்கிய கிறிஸ்டினா மாஸ்லாக், ஊழியருக்கும் பணியிடத்துக்கும் 6 விஷயங்களில் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்: வேலைப்பளு, கட்டுப்பாடு, அங்கீகாரம், சக ஊழியர்களோடு உறவு, நியாயம், விழுமியங்கள். பிரான்ஸ் அறிக்கையின் பட்டியலோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். வேறு நாடு, வேறு ஆய்வாளர்கள், ஆனால் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்.

நீண்ட நேர வேலையின் ஆபத்து தனி. வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவிகிதமும், இதய ரத்தநாள நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவிகிதமும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் தெரிவித்தன. மனச்சோர்வு, பதற்றம் ஆகிய இரண்டால் மட்டும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்பது அதே அமைப்புகளின் மதிப்பீடு.

'எங்க கம்பெனி ஒரு குடும்பம் மாதிரி'

இந்த வசனத்தைக் கேட்காத ஊழியர் இருக்க முடியாது. உண்மையிலேயே அக்கறையோடு சொல்கிற முதலாளிகளும் உண்டு. கஷ்ட காலத்தில் அட்வான்ஸ் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்து, பிள்ளையின் படிப்புக்கு உதவும் இடங்கள் நம்ம ஊரில் நிறையவே இருக்கின்றன. அந்த உறவு மனசுக்குப் பெரிய பலம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், உரிமையைக் கேட்கும்போது. 'குடும்பத்துக்குள்ள ஓவர்டைம் காசு கேப்பாங்களா?' என்று பேச்சு மாறினால், அங்கே குடும்பம் என்ற சொல் கணக்கை மறைக்கப் பயன்படுகிறது. சம்பள உயர்வின்போது 'இது பிசினஸ்', கூடுதல் வேலையின்போது 'இது ஃபேமிலி' என்றால் ஊழியர் உஷாராக வேண்டிய நேரம் அது.

வேலையை ஒரு தொண்டாக நினைப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அமெரிக்காவில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் ஆகியோர் நடத்திய ஆய்வு பிரபலமானது. சிலர், 'தரை துடைக்கிறேன்' என்றார்கள். வேறு சிலர், நோயாளிகள் குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருப்பதாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு வேலையில் கூடுதல் நிறைவு கிடைத்தது. வேலையில் அர்த்தம் காண்பது மனதைக் காக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் அந்த நிறைவைக் காட்டி சம்பளத்தைக் குறைக்க முடியாது. அர்ப்பணிப்பு உள்ளவர்கள்தான் 'இல்லை' என்று சொல்லத் தயங்குவார்கள். அதனால் சுமையும் அவர்கள் தலையில்தான் ஏறும்.

தமிழ்நாட்டில் ஒரு நாற்காலியின் கதை

துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை பார்க்கும் பெண்கள், காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்திருப்போம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது எழுதப்படாத விதி. உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர். கால் வீக்கம், முதுகு வலி என்பதைத் தாண்டி, 'நீ உட்கார அனுமதி இல்லாத ஆள்' என்று ஒவ்வொரு நாளும் உணர்த்தப்படுவது மனசை என்ன செய்யும்?

கேரளாவில் பெண் தொழிலாளர்கள் போராடியதைத் தொடர்ந்து 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தருவது கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் நாற்காலி போட்டாலும் உட்காரப் பயப்படும் நிலை இருந்தால் சட்டம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது என்று அர்த்தம். மீதிப் பாதி, முன்பு சொன்ன அந்த மூன்றாவது அடுக்கில் இருக்கிறது.

2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. வேலை நேரம் என்பது வீடு, குழந்தைகள், தூக்கம் எல்லாம் சேர்ந்த கணக்கு என்பதை அந்த எதிர்ப்பு காட்டியது.

நீங்கள் என்ன செய்யலாம்?

'பிடிக்கலன்னா வேலையை விட்டுடு' என்று சொல்வது சுலபம். வீட்டுக் கடன் இஎம்ஐ, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் என்று இருப்பவருக்கு அது தீர்வாகாது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில், எது வலிக்கிறது என்று பெயர் வையுங்கள். மேலே சொன்ன 6 வகைகளில் உங்கள் பிரச்னை எது? வேலைப்பளு என்றால் லீவும் ஆள் பகிர்வும் உதவும். விழுமிய மோதல் என்றால் 10 நாள் லீவ் எடுத்துவிட்டு வந்தாலும் 11-வது நாள் அதே வலிதான். நோய் எது என்று தெரியாமல் மருந்து சாப்பிட முடியாது.

இரண்டாவது, உங்களுக்கு விட்டுக்கொடுக்கவே முடியாத விஷயங்கள் எவை, சமரசம் செய்துகொள்ளக்கூடியவை எவை என்று பிரித்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டினால் சோர்வுதான் மிஞ்சும்.

மூன்றாவது, எழுதி வையுங்கள். எந்தத் தேதியில் என்ன சொல்லப்பட்டது, யார் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழி உத்தரவாக இருந்தால், 'நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன்' என்று ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் இதுதான் கை கொடுக்கும்.

நான்காவது, தனியாக இருக்காதீர்கள். பிரான்ஸ் டெலிகாம் விவகாரம் வெளியே வரக் காரணம், 2007-ல் தொழிற்சங்கங்கள் சேர்ந்து ஊழியர்களின் மன அழுத்தத்தையும் கட்டாய இடமாற்றங்களையும் பதிவு செய்ய ஒரு கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியதுதான். 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று நினைத்தவர்கள், பலருக்கும் அதே நிலைதான் என்று அப்போது தெரிந்துகொண்டார்கள்.

ஐந்தாவது, புதிய வேலைக்குப் போகும்போது சம்பளத்தோடு சேர்த்து வேறு சிலவற்றையும் விசாரியுங்கள். 'இந்த இடத்துல முன்னாடி இருந்தவர் ஏன் போனார்?', 'கடைசியா ஒரு பெரிய தப்பு நடந்தப்போ என்ன செஞ்சீங்க?' என்ற இரண்டு கேள்விகளுக்கு வரும் பதிலும், பதில் சொல்பவரின் முகமும் நிறையச் சொல்லிவிடும்.

சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது?

பிரான்ஸில் இருப்பதுபோல பணியிட மனரீதித் துன்புறுத்தலுக்கென்று இந்தியாவில் தனிக் குற்றப்பிரிவு கிடையாது. ஆனாலும் சில வழிகள் இருக்கின்றன. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளமும் தொழிற்சாலைச் சட்டத்தில் நீண்டகாலமாக இருந்துவந்தவை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டு சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார் குழு இருந்தாக வேண்டும். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநலச் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. கம்பெனி தரும் இன்சூரன்ஸில் இது எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நிறுவனங்களுக்கும் இதில் சேதி இருக்கிறது. பணியிட மனநலம் குறித்து 2022-ல் வழிகாட்டுதல்களை வெளியிட்ட உலக சுகாதார அமைப்பு, ஊழியருக்கு யோகா, தியானம் சொல்லித்தருவதோடு நிறுத்தாமல், வேலை அமைக்கப்பட்டிருக்கும் விதத்தை மாற்றவும், மேலாளர்களுக்குப் பயிற்சி தரவும் பரிந்துரைத்தது. பிரான்ஸ் டெலிகாமிலும் கடைசியில் அதுதான் நடந்தது. 2010-ல் வந்த புதிய தலைமை கட்டாய இடமாற்றங்களை நிறுத்தியது. ஊழியர் தரப்போடு புதிய ஒப்பந்தங்கள் போடப்பட்டன. 2013-ல் நிறுவனத்தின் பெயரே 'ஆரஞ்ச்' என்று மாறியது.

ஆகவே, பிரச்னை உங்களிடமா ஆபீஸிலா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. உங்களுக்கு எது முக்கியம் என்பதும், உங்கள் பணியிடம் எதைப் பாராட்டுகிறது என்பதும் சந்திக்கும் இடத்தில்தான் நிம்மதியும் பிறக்கிறது, வலியும் பிறக்கிறது. அதில் உங்கள் பங்கை நீங்கள் சரிசெய்யலாம். ஆபீஸின் பங்கையும் சேர்த்து உங்கள் தலையில் சுமக்கத் தேவையில்லை.

(தூக்கமின்மை, பதற்றம், எதிலும் பிடிப்பின்மை ஆகியவை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள். தற்கொலை எந்தப் பிரச்னைக்கும் தீர்வாகாது. அப்படி எண்ணம் வந்தால் உடனே பேசுங்கள். தமிழ்நாடு அரசின் உதவி எண்: 104. மத்திய அரசின் டெலி மானஸ் இலவச மனநல ஆலோசனை: 14416. சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050.)